பாடசாலையும் லயமும்: கேகாலைத் தோட்டப்புறத்திற் பெற்றோர் – பாடசாலைத் தொடர்பு பற்றிய ஒரு நோக்கு

முன்னுரை

தோட்டப்புறக் கல்வியின் பின்னடைவு பற்றிய உரையாடல்களில் ஒரு கூற்று அடிக்கடி இடம்பெறுவதை நாம் அறிவோம். தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை இல்லை, கூட்டத்துக்கு அழைத்தாலும் வருவதில்லை என்பதே அது. இக்கூற்றின் பிற்பாதி பல இடங்களிற் பொருந்தக்கூடியதே. ஆயின், கூட்டத்துக்கு வராமை என்னும் புறநிகழ்ச்சியைக் கொண்டு அக்கறையின்மை என்னும் மனநிலையை முடிவுசெய்தல் ஆய்வுநெறிக்கு ஒவ்வாது. அழைப்பு எம்மொழியில் எழுதப்பட்டது, எவ்வேளைக்கு விடுக்கப்பட்டது, எவ்விடத்துக்கு வரச் சொன்னது, வந்தவர்களிடம் எதை வேண்டிற்று என்னும் வினாக்களுக்கு முதலில் விடை காணல் வேண்டும்.

கேகாலை மாவட்டத்துப் பெருந்தோட்டப் பகுதிகளின் பாடசாலைகளை மனங்கொண்டு இவ்வினாக்களை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறப்பாக, கனிஷ்ட இடைநிலைப் பிரிவு எனப்படும் 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரையான வகுப்புகள் இங்குக் கவனத்திற் கொள்ளப்படுகின்றன. பிள்ளையை முதலாந் தரத்திற் சேர்ப்பதில் இன்று பெரும் இடர்ப்பாடு இல்லை. பிள்ளை பாடசாலையிலிருந்து மெல்ல நழுவத் தொடங்குவது பெரும்பாலும் இவ்விடைநிலைப் பருவத்திலேயே. வீட்டுக்கும் பாடசாலைக்குமான தொடர்பு அறுந்திருப்பின், பிள்ளை நழுவியது கூட இரு தரப்புக்கும் காலந் தாழ்த்தியே தெரியவரும்.

களத்தின் தன்மை

கேகாலை மாவட்டம் மேற்குத் தாழ்நிலத்துக்கும் மத்திய மலைநாட்டுக்கும் இடைப்பட்டது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 840,000 அளவினது. அதனுள் மலையகத் தமிழர் ஒரு சிறு பகுதியினர். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, ருவான்வெல்ல முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலும் இறப்பர்த் தோட்டங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர். நுவரெலியா மாவட்டத்திற் காணப்படுவது போன்று தோட்டங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து அமைந்த நிலப்பரப்பு இங்கு இல்லை. சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே லயங்கள் சிதறிக் கிடக்கின்றன.

இச்சிதறலின் விளைவுகள் மூன்று. முதலாவது, தோட்டத்துச் சிறு பாடசாலையில் ஆரம்ப வகுப்புகளை முடித்த பிள்ளை இடைநிலைக் கல்விக்காகப் பல மைல்களுக்கு அப்பாலுள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைக்குச் செல்ல நேர்கின்றது. லயத்துக்கு அருகிலிருந்த ஆசிரியரை முகமறிந்திருந்த தாய், புதிய பாடசாலையில் எவரையும் அறியாதவளாகின்றாள். இரண்டாவது, தொலைவுக்கஞ்சி அண்மையிலுள்ள சிங்களமொழிமூலப் பாடசாலையிற் பிள்ளையைச் சேர்க்கும் குடும்பங்களும் உள. அப்பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவன் அந்தப் பிள்ளையே. மூன்றாவது, கேகாலை, மாவனல்லை, தெஹியோவிட்ட என்னும் மூன்று கல்வி வலயங்களிலும் சிங்களமொழிமூலப் பாடசாலைகளே மிகப் பெரும்பான்மையின. தோட்டப் பாடசாலைகளும் தமிழ்மொழிமூல முஸ்லிம் பாடசாலைகளும் அவற்றிடையே சிறு தொகையினவாக உள்ளன. 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் அலுவலக மட்டத்தில் எழுதப்படும் கடிதம் தமிழிலேயே லயத்தை வந்தடையும் என்னும் உறுதி, சட்டத்தால் மட்டும் கிட்டிவிடுவதில்லை.

வரலாற்றுப் பின்னணி

தோட்டப் பாடசாலைக்கும் பெற்றோருக்கும் இடையிலான உறவை அப்பாடசாலையின் தோற்றத்திலிருந்தே நோக்குதல் வேண்டும். 1907 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத்துரையின் மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் இவ்வொழுங்கைத் தொடர்ந்தது. இச்சட்டங்களின் உள்ளார்ந்த இயல்பு கவனிக்கத்தக்கது. பாடசாலை, தொழிற்சாலையும் பிள்ளைக்காம்பராவும் போலத் தோட்ட நிருவாகத்தின் ஓர் உறுப்பாகவே கொள்ளப்பட்டது. ஆசிரியர் தோட்டத்திற் சம்பளம் பெற்றார். அவர் விடைகூற வேண்டியிருந்தது துரைக்கே. பெற்றோர் இவ்வொழுங்கில் உழைப்பாளராக இடம்பெற்றனரேயன்றி, பிள்ளையின் கல்வி பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையுடையோராக இடம்பெறவில்லை.

1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி நாட்டின் கிராமப்புறங்களைப் பெரிதும் மாற்றியமைத்தது. கிராமத்து மக்கள் தம் வாக்குப் பலத்தைக் கொண்டு பாடசாலைக்குக் கட்டடமும் ஆசிரியரும் கேட்டுப் பெற முடிந்தது. மலையக மக்களோ 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாகக் குடியுரிமையையும், அதனையடுத்து வாக்குரிமையையும் பெருமளவில் இழந்தனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இரு நாடுகளுக்குமாகப் பிரித்தது. நாளை எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்பதை அறியாத தந்தை, பாடசாலையின் எதிர்காலம் பற்றி எவரிடம் வாதாட முடியும்? 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் விலக்கியே வைக்கப்பட்டன. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியிலிருந்து இப்பாடசாலைகள் படிப்படியாகத் தேசியக் கல்வியமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடனின் சீடா நிறுவன உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்து சேர்ந்தன. நாடற்றோர் பிரச்சினைக்கு இறுதித் தீர்வாக அமைந்த குடியுரிமை வழங்கற் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் ஐயத்துக்கு இடமற்றவை. எனினும், ஓர் இழப்பும் உடன் நிகழ்ந்தது. பழைய தோட்டத்து ஆசிரியர் பயிற்சி குறைந்தவராயினும் தோட்டத்திலேயே குடியிருந்தார். தொழிலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பத்திரிகை படித்துக் காட்டினார். கோயில் திருவிழாவில் முன்னின்றார். பிள்ளை வராத நாளில் லயத்துக்கு நடந்து சென்று காரணம் கேட்பது அவருக்கு எளிது. இன்றைய ஆசிரியர் தகைமை பெற்றவர், அரச ஊழியர். பலர் காலையிற் பேருந்தில் வந்து பிற்பகலிற் பேருந்தில் திரும்புகின்றனர். பழைய முறை தானாகவே தந்த தொடர்பைப் புதிய பாடசாலை திட்டமிட்டே உருவாக்க வேண்டியுள்ளது.

செய்தி சென்றடையும் வழிகள்

பாடசாலை தன் செய்தியை வீட்டுக்கு அனுப்பும் வழிகள் ஐந்து எனலாம்: பிள்ளையிடம் கொடுத்தனுப்பும் கடிதம், தவணை முடிவில் வழங்கும் தேர்ச்சி அறிக்கை, பெற்றோர் கூட்டம், ஆசிரியரின் வீட்டுத் தரிசிப்பு, கைபேசி. இவை ஒவ்வொன்றும் பெற்றோரிடம் ஒன்றை முன்கூட்டியே எதிர்பார்க்கின்றன. கடிதமும் தேர்ச்சி அறிக்கையும் எழுத்தறிவை எதிர்பார்க்கின்றன. கூட்டம் ஓய்வு நேரத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் எதிர்பார்க்கின்றது. கைபேசி, கருவியையும் அலைவரிசையையும் எதிர்பார்க்கின்றது. வீட்டுத் தரிசிப்பு ஒன்றே பெற்றோரிடம் எதையும் எதிர்பாராது ஆசிரியரின் நேரத்தைக் கோருகின்றது. மிக அரிதாகக் கையாளப்படுவதும் அதுவே.

நேரத்தை முதலில் நோக்குவோம். பெற்றோர் கூட்டம் வழமையாகப் பாடசாலை நடைபெறும் வேளையிலேயே கூட்டப்படுகின்றது. காலையிற் பிரட்டுக் களத்திற் பெயர் பதிந்த தாய் மாலையில் இறுதிக் கொழுந்து நிறுக்கப்படும்வரை மலையை விட்டு இறங்க இயலாது. இறங்குவாளாயின் அன்றைய பெயர் இல்லை. 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1000 ரூபாவாகவும் 2024 ஆம் ஆண்டில் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கூட்டத்துக்குச் செல்வதற்குத் தாய் செலுத்தும் கட்டணம் அன்றைய நாட்சம்பளமே. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் வரவுக்கொடுப்பனவு என ஒன்றிருந்தது. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 பங்குக்குக் குறையாது வந்தவருக்கே அது கிடைத்தது. எனவே பாடசாலைக்குச் சென்ற ஒரு நாள் அந்நாட் சம்பளத்தோடு நில்லாது ஏனைய நாட்களின் கொடுப்பனவையும் பாதிக்கக்கூடியதாயிருந்தது. 2019 இல் அக்கொடுப்பனவு நீக்கப்பட்டது. மாத வருமானம் பெறும் அலுவலர் ஒருவர் அரைநாள் லீவு பெற்றுக் கூட்டத்துக்கு வருவதையும், இத்தாய் வருவதையும் ஒரே அளவுகோலால் அளத்தல் தகாது.

இறப்பர்த் தோட்டத்தின் நேரம் வேறுவகையானது. குளிர்ந்த வேளையிற் பால் நன்கு வடியுமாதலால் பால்வெட்டு விடியலிலேயே தொடங்குகின்றது. நண்பகலளவிற் பால் சேர்த்து நிறுத்துக் கொடுத்தபின் தொழிலாளிக்குப் பிற்பகல் பெரும்பாலும் ஓய்வாயிருக்கும். மழை பெய்து மரம் நனைந்திருந்தாற் பால்வெட்டு இல்லை. ஆகவே இறப்பர்த் தோட்டத்துப் பெற்றோருக்குப் பிற்பகல் 3 மணிக் கூட்டம் பொருந்தும். தேயிலைத் தோட்டத்துப் பெற்றோருக்கு அவ்வேளை பொருந்தாது. கேகாலையில் இரு பயிர்களும் அடுத்தடுத்தே உள்ளன. ஒரே பாடசாலைக்கு இருவகைத் தோட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வரும்போது, ஒரே அழைப்பால் இருசாராரையும் கூட்ட முயல்வது பயனளிக்காது.

அடுத்து, யார் பெற்றோர் என்பதும் வினாவுக்குரியது. தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாகவும் தந்தை கொழும்பிற் கடைச் சிப்பந்தியாகவும் இருக்க, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் தோட்டங்களிற் பலர். கடிதத்தில் "தாய்/தந்தை கையொப்பம்" என்று கோடிட்டிருக்கும் இடத்தில் அப்பாட்டி தன் கைவிரல் அடையாளத்தை இடத் தயங்குகின்றாள். பிள்ளையே கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. பாடசாலையின் பதிவேட்டில் செய்தி சென்று சேர்ந்ததாகவே காணப்படும்.

2020 மார்ச்சில் கொவிட் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வாட்ஸ்அப் குழுக்கள் பாடசாலையின் வாயிலாயின. ஒரு வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் தந்தையுடன் வெளியூரில் என்ற நிலையில் தோட்டப் பிள்ளைகள் பலருக்கு அவ்வாயில் அடைபட்டே இருந்தது. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் அறிவித்தல்களை இக்குழுக்களில் இடும் வழக்கம் நிலைத்துவிட்டது. எழுதப்பட்ட தாளைப் படம்பிடித்து அனுப்புவதால், வாசிக்க இயலாதவருக்குக் கடிதத்தின் குறைபாடு அப்படியே எஞ்சுகின்றது. அதே கருவியில் ஆசிரியர் அரை நிமிடக் குரற்பதிவாகச் செய்தியைச் சொல்லி அனுப்பினால், பாட்டியும் அதனைக் கேட்டு விளங்கிக்கொள்வாள்; செலவு எதுவும் இல்லை.

அறிவித்தல் என்பது சில வேளைகளில் உயிரோடு தொடர்புடையது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2016 மே 17 ஆம் திகதி கடும் மழையினால் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியப் பகுதியின் தோட்ட லயமொன்றிலும் நிகழ்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகளிற் கேகாலை மாவட்டம் அடிக்கடி இடம்பெறுகின்றது. வீடுதோறும் செய்தி கொண்டுசெல்லப் பழகிய பாடசாலை, அத்தகைய நாளில் எச்சரிக்கையையும் கொண்டுசெல்லவல்லது.

பங்கேற்பு என்பதன் பொருள்

1979 ஆம் ஆண்டு முதல் இலங்கைப் பாடசாலைகளிற் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள் இயங்கி வருகின்றன. அதிபர் தலைவராகவும் ஆசிரியரும் பெற்றோரும் பழைய மாணவரும் நலன்விரும்பிகளும் உறுப்பினராகவும் அமைவர். 2006 இல் தொடங்கப்பட்ட பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் முகாமைத்துவப் பொறுப்பைப் பாடசாலை மட்டத்துக்குக் கொண்டுவரும் நோக்குடையது. அமைப்புகள் இவ்வாறிருப்பினும், தோட்டப் பாடசாலையிற் பெற்றோரின் பங்கு இரண்டு வகையிலேயே பெரிதும் கோரப்படுகின்றது. ஒன்று சிரமதானம், மற்றொன்று பணம். வேலி கட்டவும் மைதானம் துப்புரவாக்கவும் அவர்கள் அழைக்கப்படுகின்றனர். சங்கச் சந்தாவும் விளையாட்டுப் போட்டிக்கான உதவியும் கேட்கப்படுகின்றன. மலையிற் கைகளால் உழைப்போரைப் பாடசாலையும் கைகளாகவே காண்கின்றது. கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத ஓராண்டு பற்றியோ, பிள்ளை அடிக்கப்பட்டது பற்றியோ, திரட்டிய பணத்தின் கணக்குப் பற்றியோ பேச அவர்களுக்கு வாய்ப்பளிக்கப்படுவது அரிது. ஈற்றில், அழைப்பு வந்தாற் பணம் கேட்பார்கள் என்ற எண்ணம் வேரூன்றுகின்றது. வராமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்விடத்திற் பிரேசிலியக் கல்விச் சிந்தனையாளர் பாவுலோ பிறெயிரேயின் அனுபவம் ஒன்று மனங்கொளத்தக்கது. அவர் உலகப் புகழ் பெறுவதற்கு முன்னர், றெசிஃபே நகரில் தொழிலாளருக்கான சமூகசேவை நிறுவனமொன்றிற் பணியாற்றினார். பிள்ளைகளை அடித்துத் திருத்துவது பற்றிப் பெற்றோர் கூட்டமொன்றில் அறிஞர் பியாஜேயின் கருத்துகளை ஆதாரமாகக் கொண்டு உரையாற்றினார். உரை முடிந்ததும் நாற்பது வயது மதிக்கத்தக்க தொழிலாளி ஒருவர் எழுந்து, தாங்கள் வாழும் வீட்டின் நெருக்கத்தை விவரித்து, பேச்சாளர் வாழும் வீட்டின் அறைகளையும் தாமே ஊகித்துச் சொல்லி, களைத்து வீடு திரும்பும் பெற்றோரின் கைகள் அன்பின்மையால் ஓங்கப்படுவதில்லை என்பதை உணர்த்தினார். தாம் கற்பிக்கச் சென்ற இடத்திலே தாமே கற்றுக்கொண்ட நாளாக அதனைப் பிறெயிரே 1992 இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளார். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக்காம்பராவில், வீட்டில் அமைதியான படிப்பிடம் ஒதுக்குங்கள் என்று அறிவுரை கூறும் நமது கூட்டங்களை இதனோடு ஒப்புநோக்குதல் பயனுடையது.

அயல்நாட்டு அனுபவங்களும் இவ்வகையில் உதவுகின்றன. இந்தியாவின் 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினரேனும் பெற்றோராதல் வேண்டும் எனவும் மொத்த உறுப்பினருட் பாதிப்பேர் பெண்களாதல் வேண்டும் எனவும் விதிக்கின்றது. தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022 இற் புதிதாகத் தெரிவுசெய்யப்பட்டன. பெண்களின் உழைப்பையே பெரிதும் நம்பியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் இத்தகைய விதி எவ்வளவு பொருத்தமானது என்பது விளக்க வேண்டாதது. ஜப்பானியத் தொடக்கப் பாடசாலைகளில் வழங்கும் தொடர்புக் குறிப்பேடு ஆசிரியருக்கும் வீட்டுக்குமிடையே இடையறாது சென்றுவருவது. அது எழுத்தறிந்த வீட்டையே நாடுவதாதலின் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆயின், வகுப்பாசிரியர் ஒவ்வொரு மாணவர் வீட்டுக்கும் ஆண்டில் ஒரு முறை செல்லும் அந்நாட்டு வழக்கம் நமக்கு மிகவும் ஏற்புடையது.

இடைநிலைப் பருவத்திற் சொல்ல வேண்டுவன

6 ஆம் தரத்துக்கும் 9 ஆம் தரத்துக்கும் இடையிற் குடும்பம் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் சிலவே. ஆயின் அவை தீர்மானகரமானவை. முதலாவது வரவு. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாட்கள் வராதவிடத்து நான்காம் நாள் செய்தி வீட்டை அடைதல் வேண்டும். 1997 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரை பாடசாலை வரவைக் கட்டாயமாக்கி, அதனைக் கண்காணிக்கக் குழுக்களையும் ஏற்படுத்தின. 2016 இல் மேல்வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. கொழும்புக் கடையில் வேலை இருக்கிறது என்று தரகர் வந்து சொல்லும்போது, இந்த வயதெல்லை சட்டத்தில் உள்ளதென்பதைத் தாய் அறிந்திருத்தல் அவளுக்கு ஒரு பலமாகும்.

இரண்டாவது ஆவணங்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவோருக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயரிலும் திகதியிலும் உள்ள பிழைகள் 11 ஆம் தரத்திற் கண்டறியப்பட்டால் அலைச்சலே மிஞ்சும். 6 ஆம் தரத்திற் கண்டறியப்பட்டால் திருத்துவதற்குக் காலம் உண்டு. மூன்றாவது பாடத்தெரிவு. 10 ஆம் தரத்தில் தொகுதிப் பாடங்களைத் தெரிவுசெய்யும்போது பிள்ளையின் பின்னைய வாழ்வின் திசை ஓரளவு வரையப்படுகின்றது. 9 ஆம் தர இறுதியில் இதனைப் பெற்றோருடன் நேரில் அமர்ந்து பேசுதல் வேண்டும். நான்காவது, புள்ளிகளின் பொருள். தேர்ச்சி அறிக்கையில் 38 என்றிருப்பது எதனைக் குறிக்கின்றது, பிள்ளைக்கு எவ்விடத்தில் உதவி தேவை என்பது சொல்லால் விளக்கப்பட்டாலன்றி அவ்வறிக்கை வெறும் தாளே.

செயன்முறைக்கான சில கருத்துகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையிற் சில நடைமுறைகளை நாம் முன்வைக்கலாம். ஒன்று, தவணைக்கு ஒரு முறையேனும் கூட்டத்தைப் பாடசாலையிற் கூட்டாது தோட்டத்துக்கே கொண்டுசெல்லுதல். கோயில் முன்றிலோ பிள்ளைக்காம்பராவோ இதற்குப் போதும். தேயிலைத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை, இறப்பர்த் தோட்டத்துக்குப் பிற்பகல் என நேரத்தை வகுத்துக்கொள்ளலாம். இரண்டு, தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு தாயைப் பெற்றோரே தெரிவுசெய்து, அவரைப் பாடசாலைச் சங்கத்தில் உறுப்பினராக்குதல். கங்காணியோ தொழிற்சங்கத் தலைவரோ அவ்விடத்தைத் தாமாக எடுத்துக்கொள்ளாதிருத்தல் முக்கியமானது. மூன்று, கூட்டத்தின் முதற் பாதியைப் பெற்றோரின் கேள்விகளுக்கு ஒதுக்கிப் பிற்பாதியிலேயே பாடசாலை தன் தேவைகளைக் கூறுதல். நான்கு, வரவு செலவுக் கணக்கை எல்லோரும் கேட்க வாசித்தல். ஐந்து, மேலிடத்துச் சுற்றுநிருபங்கள் சிங்களத்தில் வரின், பெற்றோரைப் பாதிக்கும் பகுதியைத் தமிழிற் சுருக்கிச் சொல்லும் பொறுப்பை ஓர் ஆசிரியருக்கு ஒப்படைத்தல். சிங்களமொழிமூலப் பாடசாலைகளிலும் தமிழ்ப் பிள்ளைகள் பயிலுமிடத்து இதனைக் கோருதல் நியாயமானதே.

இவற்றுக்கு ஆசிரியரின் ஓய்வு நேரம் செலவாகும் என்பது உண்மை. தொலைவிலிருந்து வரும் ஆசிரியரிடம் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்பது எளிதன்று. ஆகவே இப்பணியை ஆசிரியரின் நன்மனத்துக்கு விட்டுவிடாது, வலயக் கல்வி அலுவலகங்கள் கடமை நேரமாக ஏற்றுக்கொண்டு பயணப்படி வழங்குதல் வேண்டும். அவ்வாறே தோட்ட நிருவாகங்களும் தவணைக்கு அரைநாளைச் சம்பளத்துடன் விட்டுக்கொடுத்தல் வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் இதனையும் ஒரு கோரிக்கையாக முன்வைக்கலாம்.

முடிவுரை

தோட்டத்துப் பெற்றோரின் அக்கறையின்மை என்று கூறப்படுவது, பெருமளவிற் பாடசாலையின் அழைப்பு முறையினாலும் அவ்வழைப்பைச் சூழ்ந்த உற்பத்தி உறவுகளினாலும் உருவாக்கப்பட்ட ஒரு தோற்றம் என்பதை மேலே கண்டோம். துரைக்கு விடைகூறும் நிறுவனமாகப் பிறந்த பாடசாலை அரசுடைமையான பின் கல்வித் திணைக்களத்துக்கு விடைகூறும் நிறுவனமாயிற்று. பெற்றோருக்கு விடைகூறும் நிறுவனமாக அது இன்னும் முழுமையாக மாறவில்லை. வாக்குரிமை மீண்டு, குடியுரிமை உறுதிப்பட்ட ஒரு மக்கட்கூட்டத்துக்கு இம்மாற்றத்தைக் கோரும் உரிமை உண்டு. கேகாலையின் சிறு பாடசாலை ஒன்று அடுத்த தவணைக் கூட்டத்துக்கான நேரத்தைத் தீர்மானிக்கும் முன்னர், பிரட்டு எத்தனை மணிக்கு, கொழுந்து நிறுவை எத்தனை மணிக்கு என்று ஒரு தாயிடம் கேட்டறியுமாயின், அம்மாற்றம் அங்கே தொடங்கிவிட்டதென நாம் கொள்ளலாம்.